வீரமுத்து வீட்டுச் சோறு

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று கஞ்சனைச் சொல்வார்கள். வீரமுத்துவை அந்தக் கூட்டத்தில் சேர்த்தால் அந்தக் கூட்டமே கோபித்துக்கொள்ளும். அவன் கழுவிய கையாலும் காக்கை ஓட்ட மாட்டான். கையை வீசினால் பசிக்கும், பசித்தால் ஒரு கவளம் கூடச் செலவாகும் என்பது அவன் கட்சி.

கடல் கடந்த சீமையில், குளுவாங்குக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் தாள்களைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகையில் தீ பார்ப்பது அவன் வேலை. அந்த வேலை அவனுக்குத் தானாக வந்ததா, மோப்பம் பிடித்துப் போய்க் கேட்டு வாங்கினானா என்று லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்களுக்குக் கடைசிவரை சந்தேகம். ஏனென்றால், தோட்டத்து விறகில் எரிந்த அந்தத் தீயில்தான் அவன் வீட்டு உலையும் கொதித்தது. காலையில் அவன் பெண்சாதி அங்கம்மா அரிசியைக் களைந்து பானையில் போட்டுக் கொடுத்து அனுப்புவாள். மத்தியானம் அது சோறாகித் திரும்பி வரும். சோறு என்று பேர்தான். ஒவ்வொரு பருக்கையிலும் ரப்பர் புகையின் புளிச்ச வாடை அடிக்கும். வீட்டு அடுப்பில் பூனைதான் படுத்துக் கிடந்தது.

இன்னும் கேளுங்கள். தீக்குச்சியைப் பால்வெட்டுக் கத்தியால் நெடுக்கே நாலாகப் பிளப்பான். நாலில் மூன்று பற்றாமல் ஒடிந்து விழும். விழுந்தாலும் அவனுக்குப் பெருமை குறையாது. கருவாடு ஊற வைத்த தண்ணீரைக் கொட்ட விடமாட்டான். அதுதான் மறுநாள் குழம்புக்கு உப்பு. தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் எண்ணெய்ச் சட்டியை விரலால் வழித்துத் தலையில் தடவிக்கொள்வான். சாயங்காலமானால் தன் வீட்டு விளக்கை ஏற்றாமல் அடுத்த வீட்டுக் கருப்பாயி வாசலில் போய் உட்கார்ந்து, அவள் விளக்கு வெளிச்சத்தில், அவளிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்வான்.

சரி, இல்லாத கொடுமையா? அதுவும் இல்லை. ரப்பர் ஏறு விலைக்குப் போன வருஷங்கள் அவை. கூலிக்காரர் வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறி மணந்தது. தீபாவளிக்குப் பெரிய கங்காணி எல்லா வீட்டுக்கும் நெய், சீனி, முந்திரி, திராட்சை என்று கொடுப்பார். மற்றவர்கள் அன்றைக்கே பலகாரம் செய்து தின்று தீர்ப்பார்கள். வீரமுத்து மட்டும் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்வான். எதற்கடா என்று கேட்டால், "அவசரத்துக்கு ஒதவும்" என்பான். நெய்க்கும் திராட்சைக்கும் அப்படி என்ன அவசரம் வருமோ, அது அவனைப் படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

அங்கம்மா இதையெல்லாம் சகித்தாள். புருஷனைத் திருத்தலாம் என்ற ஆசை கல்யாணமான புதிதிலேயே அவளுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆசை. மகள் செல்லம் வயிறாரச் சாப்பிடுகிற ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். செல்லத்துக்கு வயது பதினேழு. பார்த்தால் பன்னிரண்டு என்பார்கள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். நகை வேண்டாம், பட்டு வேண்டாம், பானையில் கரண்டி போட்டால் சோறு வருகிற வீடு கிடைத்தால் போதும் என்று அங்கம்மா மாரியம்மனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குளுவாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. காளியப்பன் ரயில் தண்டவாளம் பழுது பார்க்கும் ஆட்களுக்குத் தலைவன். மகன் மூர்த்திக்கும் ரயில்வேயிலேயே வேலை. மாதச் சம்பளம், ரயில்வே வீடு. அங்கம்மா கேட்டதும் பூரித்துப் போனாள். ரயில்வேக்காரன் வீட்டில் சோற்றுக்கு என்ன பஞ்சம் என்று குழாயடியில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

பெண் பார்க்க வந்த அன்று அவளுக்கு ஒரே கவலைதான், கோப்பி. வீரமுத்து வீட்டுக் கோப்பி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஒரு முறை காய்ச்சி வடித்த சக்கையைப் புகைக் கொட்டகையில் காய வைத்து மறுபடி காய்ச்சுவான். மறுபடி காய வைப்பான். கருப்பாயியிடம் ஒரு கரண்டி புதுத் தூள் கைமாற்று வாங்கலாம் என்று அங்கம்மா கிளம்பினாள். வீரமுத்து வாசலை மறித்துவிட்டான். "வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல. இருக்கறதக் காச்சு" என்றான்.

ஆக, அந்தப் புகைக் கோப்பியைத்தான் செல்லம் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். காளியப்பன் ஒரு மிடறு குடித்தார். அங்கம்மா தலை குனிந்து நின்றாள். இதோ துப்பப் போகிறார், எல்லாம் முடிந்தது என்றிருந்தது அவளுக்கு.

"இது எத்தனாவது காச்சல் மச்சான்?" என்று கேட்டார் காளியப்பன்.

"மூணாவது" என்றான் வீரமுத்து.

"நாங்க வெயில்ல காய வைக்கிறோம். ரெண்டு காச்சலுக்கு மேல தாங்க மாட்டேங்குது. பொகையில போட்டா நிக்கும்னு எனக்குத் தோணாமப் போச்சே."

அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். காளியப்பன் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தங்கிய சக்கையை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்களும் பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமே. தொலைந்து போன உடன்பிறப்பைத் திருவிழாவில் கண்ட மாதிரி ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஜாடிக்கேற்ற மூடி. கருவாட்டுத் தண்ணீரை இவன் சொன்னான். வெங்காயச் சருகில் ரசம் வைப்பதை அவர் சொன்னார்.

"எங்க வூட்டுல ராத்திரிச் சோறே கெடையாது" என்றார் காளியப்பன். "வெளக்கு வைக்கறதுக்குள்ள படுத்துருவோம். ரயில் சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடந்தா தூக்கம் வந்துரும். ஒங்க பொண்ணு ஒடம்பப் பாத்ததுமே எனக்குத் தெம்பா இருக்கு தங்கச்சி. பழகின வயிறு. புதுசாப் பழக்க வேண்டியதில்ல."

மூர்த்தி கிழிந்த காலரைத் திருப்பித் தைத்த சட்டை போட்டிருந்தான். மணிக்கட்டு விறகுக் குச்சி போல இருந்தது. பின்வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைவிட்டு அவன் கண் நகரவில்லை. பாவம், நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையனை வைத்து உலை கொதிக்குமா?

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அங்கம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் மகளின் துருத்திய எலும்பைப் பார்த்து ஒருவன் தெம்பாக இருக்கிறது என்கிறான். பெற்றவன் அதைக் கேட்டுச் சிரிக்கிறான். அவர்கள் போனதும் தரையைப் பார்த்தபடியே புருஷனிடம் சொன்னாள்.

"இந்த எடம் வேணாங்க."

"தங்கமான எடம்டி. மேளம் வேணாம், பந்தல் வேணாம், கோயில்ல மாலைய மாத்தினாப் போதும்கிறாரு. நான் வாக்குக் குடுத்துட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம கை நனைக்க வர்றாங்க" என்றான் வீரமுத்து.

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். சம்மதமானால் இன்னொரு நாள் வந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவன் முகத்தில் ஊரே காறித் துப்பும். பெண் வீட்டில் என்ன போட்டார்களோ அதற்குக் குறையாமல் மாப்பிள்ளை வீட்டிலும் ஒரு நாள் போட வேண்டும். அதற்கு மறுசோறு என்று பேர்.

மறுநாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது அங்கம்மா மகளைக் கேட்டாள். "ஒனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்கா?"

செல்லம் குடத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த வூட்டுல காலையிலயாவது சோறு ஆக்குவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

அங்கம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வீரமுத்து சம்பந்தியை அழைத்துவரக் குளுவாங்குக்குக் கிளம்பினான். மாட்டு வண்டிக்குக் காசு கொடுப்பானா? சடக்கு ரோட்டோடு நடை. போகும்போது, "கஞ்சி, கருவாடு, ஒரு தொவையல். அவருக்கும் அதுதான் ஒத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் அங்கம்மா அடுப்பிலிருந்து பூனையை விரட்டினாள். அரிவாளைத் திருப்பிப் பிடித்துப் பெட்டியின் பூட்டில் போட்டாள் ஒரு போடு. நெய், சீனி, முந்திரி, திராட்சை எல்லாம் வெளியே வந்தன. முட்டை விற்கவென்று அவன் வளர்த்த கோழிகளை ஒன்று விடாமல் பிடித்து அறுத்தாள். அவன் சிரட்டையால் அளந்து கொடுக்கும் அரிசி மூட்டையின் வாயை அவிழ்த்து, மரக்காலால் அள்ளினாள்.

கருப்பாயி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "ஒங்க வூட்டுல பொகை வருதே, தீப்புடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்டி" என்றாள். பிறகு கோழிகளைப் பார்த்தாள். "ஒம் புருஷன் ஒன்னக் கொன்னே போடுவாரு."

"சாப்பிட்டுட்டுக் கொல்லட்டும். நீ இந்த மசாலாவ அரச்சுக் குடு" என்றாள் அங்கம்மா.

மத்தியானம் அவனும் காளியப்பனும் மூர்த்தியும் வந்து சேர்ந்தார்கள். லயத்துக்குள் நுழையும்போதே வீரமுத்து மூக்கை உறிஞ்சி, "எவனோ தின்னே வீட்டக் காலி பண்றான் மச்சான்" என்று சம்பந்தியிடம் எகத்தாளம் பேசினான். அந்த எவன் யார் என்று வாசலில் கால் வைத்ததும் தெரிந்தது. வாழையிலையில் குவித்த சோறு, அதன்மேல் நெய், கோழிக் குழம்பு, வறுவல், அவித்த முட்டை, அப்பளம், திராட்சை மிதக்கும் பாயசம். வீரமுத்துவுக்குப் பெண்சாதியை அடிக்கவும் முடியவில்லை, விருந்தாளி முன்னால் அழவும் முடியவில்லை.

காளியப்பன் இலை முன்னால் உட்கார்ந்தார். கை மடியிலேயே இருந்தது.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு ஏதாச்சும் விசேஷமா?" என்றார்.

"விசேஷமெல்லாம் இல்லண்ணே. எங்க வூட்டுல வழக்கமா ஆக்கறதுதான். செல்லந்தான் ஆக்கினா. அவளுக்குக் கை கொஞ்சம் தாராளம். நெய்ய ஊத்தினான்னா டின்னக் கவுத்துட்டுத்தான் நிமிருவா." அங்கம்மா குரலில் தேன் சொட்டியது. "சாப்புடுங்க. மறுசோத்துக்கு எங்க லயமே கெளம்பி வரப் போவுது. இதுக்குக் கொறையாம நீங்க போடுவீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

வாசலில் கூடியிருந்த சனம் ஆமாம் என்று தலையாட்டியது. காளியப்பன் அந்தத் தலைகளைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

ஆனால் மூர்த்தி தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கை சோற்றை நோக்கிப் போய்விட்டது. அங்கம்மா அந்தக் கையையே பார்த்தாள். அவன் ஒரு வாய் வைத்தால் போதும், இத்தனை கோழியும் வீண். செல்லம் அந்த ரயில்வே வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். விரல் குழம்பைத் தொட இம்மி இருக்கும்போது, "கைய எடுடா" என்றார் காளியப்பன்.

மூர்த்தி எச்சிலை விழுங்கிக்கொண்டு கையை எடுத்தான். அவனை நினைத்தால் மட்டும் அங்கம்மாவுக்குக் கடைசிவரை மனசு சங்கடப்பட்டது.

காளியப்பன் எழுந்து துண்டை உதறினார். "மச்சான், நீ என்னைய ஏமாத்திட்ட. அன்னிக்கு எனக்கு முன்னால வேஷம் கட்டியிருக்க. ஒன்னயச் செட்டும் சிக்கனமுமான ஆளுன்னு நம்பி வந்தேன். இந்த வூட்டுப் பொண்ணு வந்தா நான் நடுத்தெருவுல நிக்கணும்."

வீரமுத்து பதறிப் போனான். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பேர் ஒரு நொடியில் போகிறதே. "சத்தியமா இல்ல மச்சான், நான் நெசமாவே கஞ்சன்தான். யாரை வேணாக் கேட்டுப் பாருங்க" என்று கெஞ்சினான். லயத்துச் சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. காளியப்பன் மகனை இழுத்துக்கொண்டு நடந்தார். வீரமுத்து சடக்குவரை பின்னாலேயே ஓடினான். தீக்குச்சி பிளக்கிற கதையைச் சொல்லிக்கொண்டே ஓடினானாம்.

அவன் திரும்பி வந்தபோது வீட்டில் கூட்டம். கருப்பாயி, அவள் பிள்ளைகள், எதிர் லயத்துக்காரர்கள் என்று எல்லோர் முன்னாலும் இலை. வீரமுத்து சுவரோரம் குந்தினான். அழுகை வராத குறை.

"மிச்சக் கறியையாவது எடுத்து வையி. கொட்டகையில பொகை போட்டா ஒரு மாசத்துக்கு வரும்" என்றான்.

அங்கம்மா கறிச் சட்டியைத் தூக்கி, கருப்பாயி பிள்ளைகளின் இலைகளில் அடிவரை வழித்துப் போட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசியது அன்றுதான்.

"ஒங்களுக்கு நான் ஆக்கிப் போட்டாச்சு. எம் மக ஒங்கள மாரி இன்னொருத்தனுக்கு ஆக்கிப் போட மாட்டா" என்றாள்.

வீரமுத்து எழுந்து போய் உடைந்த பூட்டை எடுத்துப் பார்த்தான். அதையும் மடியில் கட்டிக்கொண்டான்.

செல்லம் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இலை காலியானதும் தகப்பனை ஒரு முறை பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றாள்.