மஞ்சள் பெடலும் மயிலாப்பூர் ரிசப்ஷனும்

"உன் கிட்டார் கீதா இல்லியான்னே தெரிலம்மா" என்றார் மாஸ்டர். மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் எங்கள் மெல்லிசைக் குழுவின் ஒத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. குழுவை நடத்துகிறவர் அவர். எந்தக் கல்யாணத்தில் யார் வாசிப்பது, யார் வீட்டில் இருப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். மற்றவர்கள் வயரைச் சுற்றுகிற சாக்கில் காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை மயிலாப்பூர்ல ரிசப்ஷன். பொண்ணு வூட்ல கேட்டுக்கிற பாட்டுல நடுவுல கிட்டார் சோலோ வருது. அது அழுவணும்மா. உன்னுது இன்னாடான்னா டொக்கு டொக்குனு கதவத் தட்டிக்கினு கீது. சரியான சவுண்டோட வந்தா நீ வாசி. இல்லாங்காட்டி கீபோர்டுலயே போட்டுக்கலாம்."

கீபோர்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கருவியில் புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம், கிட்டார் எல்லாமே ஆளுக்கொரு பொத்தானாக உட்கார்ந்திருக்கின்றன. எங்களோடு வேனில் வந்துகொண்டிருந்த புல்லாங்குழல்காரரும் வயலின்காரரும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பொத்தான்களுக்குள் போய்ச் சேர்ந்தவர்கள்தான். அடுத்தது என் முறை. இந்தக் குழு போனால் எனக்கு வேறு குழு கிடையாது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் கிட்டார் வாசிக்கிறாள் என்று எவரும் போன் போட்டுக் கூப்பிடப் போவதில்லை.

கிட்டார் சத்தத்தைப் பக்குவப்படுத்தித் தரும் என் பழைய எஃபெக்ட்ஸ் பெட்டி போன மழைக்காலத்தில் பந்தல் ஒழுகி நனைந்து செத்துப்போனது. ரிச்சி தெருவில் ரிப்பேர் கடையில் காட்டினேன். திறந்து மோந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடிக் கையில் கொடுத்தார்கள். அதிலிருந்து கிட்டார் வயரை நேராக மிக்ஸரில், அதாவது எல்லோருடைய சத்தத்தையும் வாங்கிப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற அந்தப் பலகையில், சொருகி வாசித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தது, உயிர் வரவில்லை. எனக்கு வேண்டியது ஒரு ஓவர்டிரைவ் பெடல். உள்ளங்கை அளவு இரும்பு டப்பா. காலால் மிதித்தால் கிட்டாரின் சுத்தமான சத்தத்தைக் கொஞ்சம் கரகரக்க வைத்து, சுரத்தை நீட்டி, அழவைக்கும்.

எதை வாங்குவது? அந்த வாரம் முழுக்க போனில் வீடியோ பார்த்தேன். ஒருவன் பச்சைப் பெடல்தான் உலகத்திலேயே சிறந்தது என்பான். அடுத்தவன் பச்சையைத் தூக்கிக் குப்பையில் போடு, நீலம் வாங்கு என்பான். எல்லாருக்கும் தாடி, எல்லாருக்கும் பின்னால் செங்கல் சுவர். பார்க்கப் பார்க்கக் குழப்பம் ஏறியதே தவிர இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை.

"செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்" என்றாள் அம்மா. சாந்தோம் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

"அந்தக் கோயில் புனிதர் தொலைஞ்ச பொருளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரும்மா. நான் இன்னும் வாங்கவே இல்லையே."

"உனக்குப் புத்தி தொலைஞ்சிருக்குல்ல? அதுக்கு ஏத்தறேன்."

வியாழக்கிழமை கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு தி.நகர் போனேன். பனகல் பார்க்குக்குப் பின்னால், புடவைக் கடைகளுக்கு நடுவே, மாடியில் ஒரு இசைக்கருவிக் கடை. விற்பனை செய்கிறவர் என்னைப் பார்த்ததும் "யாருக்கு மேடம், பையனுக்கா?" என்றார். உறையிலிருந்து கிட்டாரை எடுத்தேன். அவர் அசடு வழிந்தார். கடையின் மூலையில் கண்ணாடி வால்வு எரிகிற பெரிய ஆம்ப் ஒன்று, கிட்டாருக்கென்றே ஸ்பீக்கரோடு வரும் பெட்டி, இருந்தது. அதில் சொருகி, பெடல்களை ஒவ்வொன்றாக என் காலடியில் வைத்தார்.

பச்சை ரொம்ப மரியாதையாகப் பேசியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பதுபோல. எனக்கு அழ ஆள் வேண்டும், அடக்க ஒடுக்கம் வேண்டாம். நீலம் நேர் எதிர், தொட்டதற்கெல்லாம் கத்தியது. மூன்றாவது ஒரு மஞ்சள் பெட்டி. மிதித்தேன். சின்ன நீல விளக்கு எரிந்தது. சோலோவின் கடைசி சுரத்தை, தந்தியை விரலால் மெல்ல மேலே தள்ளி, இழுத்து, சேரவேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அது அங்கேயே நின்று நடுங்கியது. இதுதான், பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பில் போடும்போது அவர் கேட்டார்: "மேடம், புரோகிராம்ல என்ன ஆம்ப் யூஸ் பண்றீங்க?"

தி.நகரில் சின்ன வயதிலிருந்து துணி எடுத்தவர்களுக்கு ஒரு புத்தி படிந்துவிடும். கடைக்காரர் கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் இன்னொரு சரக்கு நிற்கிறது என்று அர்த்தம். புடவை எடுத்தால் பாவாடை இருக்கா என்பார்கள், பாவாடை எடுத்தால் ஃபால்ஸ். இவர் என் தலையில் ஒரு ஆம்பைக் கட்டப் பார்க்கிறார், நான் யார், சாந்தோம்காரி, என்னிடமா?

"எங்க செட்டு ரொம்பப் பெருசு. அதெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஏதோ ஜெயித்துவிட்டதுபோல நடந்தேன்.

வீட்டில் கட்டில் பக்கத்தில் பயிற்சிக்கென்று ஒரு குட்டி ஆம்ப் உண்டு. அதிலும் மஞ்சள் பெட்டி நன்றாகவே பாடியது. வெள்ளியும் சனியும் அந்தச் சோலோவை அரைத்தேன். "அந்தக் கடைசி இழுப்பை எவ்ளோ தரம்டி இழுப்ப? காது புண்ணாயிடுச்சு" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

ஞாயிறு சாயங்காலம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மேடையில் என் இடத்தில், எப்போதும்போல, மிக்ஸரிலிருந்து வரும் ஒரு வயர் சுருண்டு கிடந்தது. அதைப் பெடலில் சொருகி மிதித்தேன்.

தகரத்தை ரம்பத்தால் அறுத்த மாதிரி ஒரு சத்தம் மண்டபம் முழுக்கக் கிளம்பியது. நாற்காலிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். குமிழ்களைத் திருகினேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ரம்பம் வண்டானது. வண்டு மறுபடி ரம்பமானது. அந்த நிமிடம்தான் விஷயம் மண்டையில் உறைத்தது. கடையில் ஆம்ப் இருந்தது, வீட்டில் ஆம்ப் இருந்தது. ஆம்பின் ஸ்பீக்கர்தான் இந்தக் கூர்மையையெல்லாம் சீவிவிட்டு மிச்சத்தை வெளியே விடும். எங்கள் மேடையில் ஆம்பே கிடையாது, என்றைக்குமே இருந்ததில்லை. என் பழைய பெட்டி அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. அது இருந்தவரை எனக்குத் தெரியவேண்டிய அவசியமே வரவில்லை.

"மாஸ்டர், வீடு பக்கத்துலதான். ஆட்டோல போய் ஆம்பை எடுத்துக்கினு வந்துர்றேன். முன்னால ஒரு மைக் வச்சா போதும்" என்றேன். நான் அப்படிக் கெஞ்சிப் பேசியதை அதற்கு முன் நானே கேட்டதில்லை.

"இன்னாமா நீ, பொண்ணு மாப்ள கீழ வந்துட்டாங்க. வைக்க எடம் எங்க கீது? மேட பூரா பூ, அதும் மேலதான் வைக்கணும்." அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறகு, பெரிய உபகாரம் செய்கிறவர்போலக் குரலைத் தணித்தார். "ஒண்ணு பண்ணு. உன் லைனைக் கட் பண்ணிர்றேன். நீ பாட்டுக்கு நில்லு. பெடலை மிதி, லைட்டு எரியட்டும். கை ஆடட்டும். அவரு கீபோர்டுல வாசிப்பாரு. வீடியோல யாருக்குத் தெரியப்போவுது?"

போய்விடலாம் என்று நினைத்தேன். கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு, கச்சேரி வேண்டாம் சாமி என்று, தெப்பக்குளம் வழியாக நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். போனால் திரும்பி வரமுடியாது என்பதும் தெரிந்தது. நின்றேன்.

அந்தப் பாட்டு வந்தது. சோலோ தொடங்குகிற இடத்தில் சரியாக மிதித்தேன். நீல விளக்கு எரிந்தது. ஒரு சுரம்கூடத் தப்பாமல் வாசித்தேன், கடைசி இழுப்பு உட்பட. எனக்கு என் தந்தியின் கீச்சுக் குரல் மட்டும் கேட்டது. மண்டபத்துக்குக் கீபோர்டு கேட்டது. கைதட்டினார்கள். மணப்பெண் என்னைக் கைகாட்டி மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

இடைவேளையில் குடுமி வைத்த ஒருவர், பெண்ணுக்கு மாமா முறையாம், மேடை ஓரம் வந்தார். அடையாறில் வீட்டிலேயே வாசிப்பாராம். "மேடம், என்ன டோன்! இதைத்தான் நான் பல வருஷமா தேடிண்டிருக்கேன். என்ன பெடல் இது?" என்று குனிந்து மஞ்சள் பெட்டியைப் போட்டோ எடுத்தார். கீபோர்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"ஆம்ப் இருந்தா மட்டும் வாங்குங்க சார்" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே யோக்கியமான காரியம் அதுதான்.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. கீழே கைதட்டும் பொம்மைகள், நெருப்பு, மாலை. அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கி, சத்தத்தை முழுதாக வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். சோலோ முடிந்தது. மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இது நீ வாசிச்சது இல்லையே."

"என் கைதானம்மா ஆடுது, பாரு."

"கை ஆடுது. கடைசில நீ இழுப்பியே, அது எங்க? இது நேரா வந்து நின்னுடுச்சு." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்புறம் நீ எதுக்குடி அங்க போன?"

முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் எவருக்கும் தெரியாதது, காது புண்ணாகிவிட்டது என்று கத்தியவளுக்குத் தெரிந்திருந்தது. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர். அபிராமபுரத்தில் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு ரிசப்ஷனாம். "ஆம்ப் எடுத்துக்கினு வரட்டுமா மாஸ்டர்?" என்றேன்.

"அத்த இன்னாத்துக்குமா தூக்கிக்கினு? அதான் சூப்பரா கீதே. அந்த மஞ்ச டப்பாவை மட்டும் மறந்துடாத. லைட்டு கொஞ்சம் டல்லா கீதுன்னு வீடியோக்காரன் சொன்னான்."

சரி என்றேன். கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைத் திருப்பி, அடிமூடியின் திருகாணியைக் கழற்றிப் புது பேட்டரி போட்டேன்.