இனேஸ் கொடுத்த பூட்ஸ்

நேற்று மாலை ஷார்ஜா வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே கைப்பேசியில் ஒரு பேட்டி பார்த்தேன். ஸ்பெயின் பெண்கள் கால்பந்தில் முதல் டிவிஷனில் பதினோரு வருடம் ஆடிய இனேஸ் ஓய்வு பெறுகிறாள். சின்ன வயதில் எங்கே ஆடினீர்கள் என்று கேட்டதற்கு, "குவைத்தில் ஒரு வருடம் பையன்களோடு ஆடினேன். துணைக்கு ஒரு பெண்பிள்ளைகூட இல்லை" என்கிறாள். தோசை கருகிவிட்டது. "அடிப்பாவி, அப்ப நான் யாருடி?" என்று கத்தினேன். என் மகள் ஹெட்ஃபோனைக் கழற்றி, "வாட் ஹேப்பண்ட், உம்மா?" என்றாள்.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அப்போது நாங்கள் குவைத்தில், ஃபஹாஹீலில் இருந்தோம். கீழே வாப்பாவின் மளிகைக்கடை, இரண்டாம் மாடியில் வீடு. எதிர்க் கட்டிடத்தில் இனேஸ். அவள் அப்பா எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். பின்புறம் தண்ணீர் லாரிகள் நிற்கும் மண்திடல்தான் எங்கள் மைதானம். எனக்கு இடதுகால் பழக்கம், அவளுக்கு வலது. நான் ஓரத்தில் ஓடி உள்ளே தட்டுவேன், அவள் அடிப்பாள். பெரியவளானதும் ஸ்பெயினுக்கு ஆடுவேன் என்பாள் அவள். உன்னை எதிர்த்து நான் ஆடுவேன் என்பேன் நான். எந்த நாட்டுக்காக என்று யோசித்ததே இல்லை, அவ்வளவு வாய்.

பள்ளிக்கூடக் கான்வாஸ் ஷூவில் மண் ரொம்பிக்கொண்டு நான் நொண்டுவதைப் பார்த்து, தனக்குப் பத்தாமல் போன சிவப்பு பூட்ஸை இனேஸ் எனக்குக் கொடுத்தாள். அந்த ரப்பர் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. அந்த வாசனை ஆகாமல் உம்மா பூட்ஸைப் பால்கனிக்குத் துரத்தியிருந்தாள்.

எங்கள் ஆட்டத்தைப் பார்த்த ஒரு எகிப்துக்காரக் கோச், பையன்கள் அணிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு பெண்ணென்றால் சிரமம், இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் எடுத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள் என்றார். வாப்பாவும் சரி என்றுவிட்டார். அதுதான் பெரிய ஆச்சரியம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் லீவில் ஊருக்குப் போனாலும் அவர் கையில் நம் வீட்டுப் பெட்டி ஒன்று போகவேண்டும். பால்பவுடர், தைலம், சோப்பு. பெட்டியில் மூலை காலியாக இருந்தால் உம்மாவுக்குத் தூக்கம் வராது. வியாழக்கிழமை பக்கத்து வீட்டு சபூர் காக்கா ஊருக்குப் போனார். நான் பள்ளிவிட்டு வந்தபோது பால்கனி வெறிச்சென்றிருந்தது.

"உம்மா, என் பூட்ஸ் எங்க?"

"சும்மாதானே கெடந்துச்சு? மாமா மவனுக்கு ஆவும்னு பெட்டியில வச்சுட்டேன். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அது?"

கான்வாஸ் ஷூவிலேயே போயிருக்கலாம் என்பது இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு ஒரே எண்ணம்தான்: ஆசையாகக் கொடுத்ததை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் காலிங்பெல் அடித்தது. "யல்லா, லேட்டாகுது!" என்று இனேஸ் கதவைத் தட்டினாள். நான் கதவுக்கு இந்தப்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் காத்திருந்தது கேட்டது. பிறகு படியிறங்கும் சத்தம்.

எப்படியோ கோச் அவளை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வருடமும் அவள் பையன்களுக்கு நடுவே தனியாக ஆடினாள். நான் அவளைக் கண்டால் கடைக்குள் ஒளிந்தேன். அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்து ஸ்பெயின் போனாள். அங்கே இரண்டாம் டிவிஷன், முழங்கால் ஆபரேஷன், முதல் டிவிஷன் எல்லாவற்றையும் நான் இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் உம்மா மேல் எரிச்சல் வரும். கொஞ்ச நேரத்தில் அது என் மேலேயே திரும்பிவிடும். உம்மா பூட்ஸைத்தான் அனுப்பினாள். கதவைத் திறக்காதது நான்.

அந்த பூட்ஸ் மாமா மகனுக்குக் காலில் ஏறவே இல்லையாம். போன வருடம் ஃபஹாஹீல் போனேன். மண்திடலில் அடுக்குமாடி கார் பார்க்கிங் நிற்கிறது. வாப்பாவின் கடை இல்லை, கட்டிடமே இல்லை.

பேட்டிக்குக் கீழே எழுத இடம் இருந்தது. "இனேஸ், அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன்" என்று அடித்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.