தாயம்மாவின் தொண்டையும் சித்தரத்தையும்

“சித்தரம் இருக்கா?”

“இன்னாது?”

“சித்தரம்...”

“எந்த சாமி?”

“சாமியா?”

“சித்திரம்னா படந்தானேம்மா? பக்கத்து கடைக்குப் போ. முருகர், லட்சுமி எல்லாம் கீது.”

1994 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, பாண்டி பஜார் நாட்டு மருந்துக் கடையில் ஷரஃபுதீன் பாயோடு ஹம்சினி நடத்திய பேச்சு இவ்வளவுதான். எதிர்த்துப் பேச வாய் வராத பெண் அவள். சொன்னபடியே பக்கத்துக் கடைக்குப் போனாள். வெறுங்கையோடு வெளியே வரக் கூச்சமாக இருக்கவே, மயில் மேல் அமர்ந்த முருகனை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

நடைபாதையில் வளையலும் ஸ்டிக்கர் பொட்டும் பரப்பி உட்கார்ந்திருந்த தாயம்மா படத்தைப் பார்த்தாள். ஹம்சினியைப் பார்த்தாள். தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“தொண்டைக்கு சித்தரத்தை வாங்கியான்னா, முருகரை இட்டாந்துகீறியே கண்ணு! இவர கடிச்சித் துன்னவா?” என்றாள், வெறும் காற்றாக.

தாயம்மாவுக்குக் குரல் போவதென்றால் சும்மாவா? பள்ளிக்கூடம் போன ஒரே வருடத்தில் வகுப்புக்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தொண்டை அது. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பதினாறு வருடமாக இந்த நடைபாதைக்கு வருகிறாள். அவள் “வளே...ய்” என்று இழுத்தால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் திடுக்கிட்டு இறங்கிவிடுவார்கள். கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்த முதல் நாள் ஹம்சினியும் அப்படி இறங்கியவள்தான். அன்றிலிருந்து சிநேகம். இப்போது, வருடத்து வியாபாரமெல்லாம் நடக்கிற மூன்று நாளில், தொண்டை கட்டிக்கொண்டது. கூட்டம் முழுக்க எதிர்ச்சாரி வளையல்காரன் வடிவேலுவின் பக்கம்.

மருந்துக் கடையில் நடந்த தப்புக்குக் காரணம் இலக்கணம். பள்ளியில் தமிழில் முதல் மார்க் வாங்கிய ஹம்சினி, ‘மரத்தை’ என்பதிலிருந்து ‘மரம்’ எடுப்பதுபோல, வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டு மருந்து கேட்டிருந்தாள்.

மறுபடி ஓடினாள். “சித்தரத்தை!”

“அதான் முழுப் பேரு! வால வெட்டிட்டு வந்து கேட்டா நான் இன்னா பண்றது?” பாய் சிரித்தபடி, செம்பழுப்பில் முடிச்சு முடிச்சான வேரை எடுத்தார். “இஞ்சிக்கு சொந்தக்காரன். சின்னத் துண்டா கடைவாயில ஒதுக்கி, சாறை முழுங்கச் சொல்லு. இருமல், சளி, தொண்டைக் கம்மல்னு வர்றவங்களுக்கு இதான் குடுப்பேன். நெறைய பேருக்குக் கேக்குது. ஆனா கூவிக்கினே இருந்தா, என் கடையையே அள்ளிக் குடுத்தாலும் கேக்காது. ரெண்டு நாள் வாயைத் தொறக்கக் கூடாது.”

தாயம்மா ஒரு துண்டை வாயில் ஒதுக்கினாள். காரம் ஏறி, புருவம் நெற்றிக்குப் போய், “அப்பாடி!” என்று மூச்சு விட்டாள். தொண்டைக்குள் யாரோ அடுப்பு மூட்டியதாகக் கையால் நடித்துக் காட்டினாள். ஹம்சினி சிரித்துச் சிரித்து விக்கினாள். ஆனால் பாய் சொன்ன ‘ரெண்டு நாள்’ கணக்கை அவள் சொன்னதும் தாயம்மாவின் முகம் சுருங்கியது. எதிரே வடிவேலு இன்னும் பெரிதாகக் கத்தினான். இரண்டு பெண்கள் இவர்களைத் தாண்டி அங்கே போனார்கள்.

தாயம்மா நகர்ந்து, தன் கோணிச் சாக்கில் இடம் விட்டாள். ஹம்சினி உட்கார்ந்ததும் அவள் காதோரம் குனிந்தாள்.

“கண்ணு, எனக்கோசரம் ஒரே ஒரு தபா கூவேன்.”