கிளறா ஏறும் குரல்

அதிகாலை ஐந்தே காலுக்குச் செய்தி சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது கிளறா உப்புத் தண்ணீரில் தொண்டை அலசிக்கொண்டிருந்தாள். லிபெர்த்தாத் தெரு வீடுகளுக்கு வேலைக்குப் புறப்படுமுன் அது அவள் வழக்கம். அலசி முடித்துத்தான் பேசுவாள். "டுல்சே போயிட்டா," என்றேன். "அப்ப கீழ்க்குரலுக்கு ஆர்?" என்றாள்.

டுல்சே போர்த்துக்கல் மலைக்கிராமத்துக்காரி. எங்களைப் போலவே இங்கே சிசிலியில் பலேர்மோ நகர வீடுகளைத் துடைத்தவள். அல்பெர்கேரியாப் பேட்டையில் அவள் சமையலறையில் ஞாயிறுதோறும் மூவரும் பாடுவோம். அவளூர்ப் பெண்கள் வயலில் பாடும் பாட்டுகள், வாத்தியம் கிடையாது. டுல்சே அடியில் தொடங்குவாள், நான் நடுவில் சேர்வேன், கிளறா எல்லாவற்றுக்கும் மேலே வந்து விழுவாள். மூன்றும் இறுகி நிற்கையில் அலமாரிக் கரண்டிகள் முனகும்.

கிளறாவின் ஊரான மன்னாரில் மாதா கோவிலில் ஒரு பக்கத்தார் பாடி முடித்த பிறகுதான் மறுபக்கத்தார் எடுப்பார்கள். இங்கே வீட்டு எசமானி சின்யோரா பேசி முடிக்கும்வரை நின்றே பழகிவிட்டாள். அதனால் ஆரம்பத்தில் டுல்சே வரியை முடிக்கட்டுமென்று காத்திருப்பாள், பாட்டு அறுந்துபோகும். மற்றவள் வாயில் சொல் இருக்கும்போதே ஏற வேண்டுமென்று பிடிபட்ட பிறகு அவளை அடக்க முடியவில்லை. கீழ்வீட்டார் துடைப்பக்கட்டையால் மச்சை இடித்தால் இன்னும் உயர்த்துவாள். "இத்தனை வருசமா வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான், பிள்ளை. ஆளை வெட்டிக் கதைக்க விடுறது இந்தப் பாட்டு ஒண்டுதான்."

அடக்கத் திருப்பலிக்கு முன் எங்கள் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்தும் கொட்வின் கிளறாவிடம் வந்தான்.

"அக்கா, உங்கடை கத்தல் வேண்டாம். நாங்கள் மெல்லமா ஒண்டு படிக்கிறம்."

"மெல்லமாப் படிக்க அவ என்ன தொட்டில்லயோ கிடக்கிறா?"

"சரி, ஆசீர்வாதம் முடிய நீங்களும் ஒரு வரி படியுங்கோ."

"தொடங்கிறவள் பெட்டிக்குள்ளை. நான் ஆரின்ரை குரலிலை ஏற?"

அவன் ஓர்கன் பக்கம் போய்விட்டான்.

சிசிலியக் குருவானவர் தீர்த்தச் செம்புடன் பெட்டியைச் சுற்றத் தொடங்கினார். கனத்த கீழ்க்குரல், செபத்தை ஒரே சுருதியில் இழுத்தார். கிளறா என் முழங்கையை நெரித்தாள். இடது கையால் காதைப் பொத்தினாள். அவர் வரியை முடிக்குமுன் அதன்மேல் ஏறினாள், டுல்சேயின் பாட்டோடு. நான் நடுவில் புகுந்தேன். கொட்வின் எழுந்துவிட்டான். குருவானவர் திகைத்துத் திரும்பினார். அவர் குரல் தளரப் பார்த்தது. கிளறா வலது கையை உயர்த்தி, சின்யோராக்கள் வேலைக்காரிக்குக் காட்டுவதுபோல, நிறுத்த வேண்டாமென்று விரலை ஆட்டினாள்.

அவர் நிறுத்தவில்லை. செம்பு கையில் அப்படியே நின்றது. பெட்டியின் ஒரு பக்கம்தான் நனைந்திருந்தது.