நெய் மைசூர்பாகு கொடுத்த வருடம்

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில், பங்குதாரர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். ஆண்டறிக்கையை அச்சிட்டு அனுப்புவது, பொதுக்கூட்டத்துக்கு மண்டபம் பிடிப்பது, வருகிறவர்களுக்குப் பலகாரப் பொட்டலம் சொல்லிவைப்பது எல்லாம் என் பொறுப்பு. இவற்றில் ஜனங்கள் கவனமாகப் பார்த்தது பொட்டலத்தைத்தான். எங்கள் பக்கம் ஒரு குடும்பத்தின் வசதியை, விசேஷத்தில் போடும் பந்தியை வைத்துத்தான் எடை போடுவார்கள். கம்பெனியையும் அப்படியே பார்த்தார்கள்.

அது தெரிந்துதான், நிலைமை மோசமான அந்த வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ மிக்சரு மட்டும் வேண்டாமுங்க. நெய் மைசூர்பாகும் சேத்துச் சொல்லிப்போடுங்க" என்றார்.

அறிக்கையின் முன்பக்கங்களில் புதுக் கட்டடத்தின் வண்ணப்படங்கள். 'தற்காலிகச் சவால்கள்' என்று முதலாளியின் கடிதம். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகம் என்று தணிக்கையாளர் எழுதியது எண்பத்தோராம் பக்கத்தில், பொடி எழுத்தில். நாங்கள் எதையும் மறைக்கவில்லை, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் வைத்தோம். பிழை திருத்தியவன் நான்தான். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

கூட்டத்தன்று, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் எங்கள் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்து நின்றுவிட்ட ஓர் அம்மா வந்தார். தோட்டக்கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். மிச்சம் பிடித்ததையெல்லாம் எங்கள் பங்குகளில் போட்டிருந்தார். மகளை நர்சிங் சேர்க்க அதைவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

"ஏனுங்க, வெல பாதியா எறங்கிப்போச்சுங்களே. இப்ப வித்தாலும் பாப்பா பீசுக்குப் பத்துமுங்க. வித்துப்போடட்டுங்களா, வெச்சிருக்கட்டுங்களா?"

விற்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்லைதான். ஆனால் அறிக்கை அவர் கையிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டி, யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாலடி தள்ளி முதலாளி நின்றிருந்தார், அதுதான் தடுத்தது.

"புத்தகத்துல எல்லாம் போட்டிருக்குதுங்க" என்று பொட்டலத்தை நீட்டினேன். அவர் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மாதத்தில் கம்பெனியை மூடினார்கள். பங்குகள் செல்லாக்காசாயின. மிச்ச வேலைகளை முடிக்க மூன்று பேர் மட்டும் ஆபீசில் இருந்தபோது அந்த அம்மா வந்தார். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவரோ திட்டவில்லை. மகள் உக்கடத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது.

"பலகாரத்தப் பாத்து ஏமாந்துபோட்டேன்னு ஊட்டுல பேசறாங்க. அதில்லீங்க. நான் உங்க மொகத்தத்தானுங்க பாத்தேன். உள்ள இருக்கறவரு, சிரிச்சுட்டே குடுக்கறாரு. ஏதாச்சும்னா இவருக்குத் தெரியாமப் போகுமான்னு விட்டுட்டனுங்க."

எனக்குத் தெரிந்திருந்தது. என் பெயரில் இருந்த பங்குகளைக் கூட்டத்துக்கு முந்தின வாரமே விற்றிருந்தேன். அதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"உக்காருங்க, டீ சொல்றேன்" என்றுதான் வந்தது.