பார்லரக்கா போட்ட வழக்கு

பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்ததால் தெருவில் எல்லோரும் அவளைப் பார்லரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கத்தரியைக் கையில் எடுத்தால் வாயும் சேர்ந்து ஓடும். பயந்து பயந்து கட்டையாக வெட்டிக்கொள்ள வரும் பெண்ணிடம், “மாமியார் கேட்டா, அசந்து தூங்கிட்டேன், அக்கா வெட்டிட்டாங்கன்னு சொல்லிடு” என்பாள்.

ஒரு மதியம், பக்கத்துத் தெரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு வண்டியை எடுக்க அடித்தளத்துக்கு இறங்கினாள். அங்கே பாதி விளக்குகள் எரியாது. தூணுக்குப் பின்னாலிருந்து வந்த ஒருவன் கைப்பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவள் வலக்கையில் கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டுப் பையோடு ஓடிப்போனான்.

சத்தம் கேட்டு, மேலே வாசலில் பில் சரிபார்த்துக்கொண்டிருந்த காவலாளி ஓடிவந்தார். வயதானவர். கைக்குட்டையால் காயத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டே புலம்பினார்.

“போன மாசமும் இதே இடத்துலதாம்மா ஒரு பொண்ணைத் தள்ளிவிட்டுப் பையைப் புடுங்கினான். கீழ ஒரு ஆளைப் போடுங்கன்னு மேனேஜர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேக்குறாங்க?”

காயம் ஆறியது. ஆனால் அந்தக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

பஸ் ஓட்டும் அவள் கணவர், “போனது போகட்டும் விடு” என்றார். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“மேல சோப்புக்கும் ஷாம்புக்கும் காவல் இருக்கு. கீழ வர்ற மனுஷங்களுக்கு இல்லையா? வாங்க வாங்கன்னு கூப்பிடுறவங்களுக்கு அந்தப் பொறுப்புகூட வேணாமா?”

அந்த சூப்பர் மார்க்கெட் மேல் வழக்குப் போட்டாள்.

“வெட்டினது கடைக்காரங்க இல்லையேக்கா” என்றாள் அவளுடைய வக்கீல். “இப்படி நடக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் சும்மா இருந்தாங்கன்னு நாம காட்டணும். அந்தக் காவலாளி வாயைத் திறந்தா போதும்.”

முன்பு பையைப் பறிகொடுத்த பெண் போலீசுக்கே போயிருக்கவில்லை. யாரென்றும் தெரியவில்லை. ஆக, இருந்தது காவலாளி ஒருவர்தான். அவருடைய மருமகளும் அதே கடையில்தான் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாட்சிக் கூண்டில் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. “நான் அப்படி எதுவும் சொல்லலைங்க. வலியில அவங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்கும்.”

பார்லரக்காவுக்குக் கோபம் வரவில்லை.

ஆபத்து இருப்பது கடைக்கு முன்கூட்டியே தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை என வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். வெளியே படிக்கட்டில் காவலாளி காத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு வேற வழி இல்லம்மா.”

“தெரியுதுங்க. எனக்கும்தான் இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்றாள் வக்கீல். “யாரை வெச்சு?” என்று கேட்டாள் பார்லரக்கா. கத்தியோடு வந்தவனும் கடைசிவரை பிடிபடவில்லை. சூப்பர் மார்க்கெட் அடித்தளத்தில் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள்: உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு.

பார்லரை இப்போது நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். பார்லரக்கா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களிடம் அதிகம் பேசுவதில்லை. ஒரு நாள் காலையில் கணவர் துண்டைப் போர்த்திக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“இடக்கையால வெட்டிப் பாரேன். என் தலைதானே.”

வெட்டினாள். காதுக்கு மேலே கோணிக்கொண்டு ஏறிவிட்டது.

“தொப்பி போட்டா யாருக்குத் தெரியும்?” என்று சிரித்தபடி வேலைக்குப் போனார்.

அடுத்த மாதம் வேறு கடையில் வெட்டிக்கொண்டு வந்தார்.