எதிர்காற்றில் ஓடிய எகிப்துக்காரி

எங்கள் பள்ளத்தாக்கில் என்னைவிட வேகமாக ஓடியவள் இன்றுவரை கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது. ஓடியவள் நான், வேறு யார் வந்து சொல்லுவார்கள்? ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைவிட வேகமான ஒருத்தியைப் பற்றி. அவள் எகிப்துக்காரி. நூறு மீட்டர் ஓட்டக்காரி. நாலைந்து நாடுகளில் பதக்கம் வாங்கியவள்.

முதலில் நான் ஓடிப் பழகிய லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோம்பையிலிருந்து உத்தமபாளையம் போகும் சாலையில் ஓரிடம் கோடு போட்டது போல நேராக இருக்கும். அங்கே அண்ணன் டேப் வைத்து நூறு மீட்டர் அளந்து, இரண்டு புளியமரங்களில் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான். மேற்கு மரத்தடியில் நான் நிற்பேன். கிழக்கு மரத்தடியில் அவன், ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், இன்னொரு கையில் தோள் துண்டு. துண்டு கீழே இறங்கினால் நான் பாய வேண்டும். ஓடி முடித்ததும் மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மறுபடி மேற்கு மரத்தடியில் கொண்டுபோய் இறக்கிவிடுவான்.

"நடந்து போயி கால வீணாக்காத ஆத்தா, ஓட்டத்துக்கு வச்சுக்க" என்பான். இப்படி ஒரு யோசனை என் அண்ணனுக்கு மட்டும்தான் வரும்.

ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். வாட்சில் விழுந்த நேரத்தைப் பார்த்து அண்ணன் நடுரோட்டில் குதிப்பான். "நம்ம பிள்ள பறக்குதுப்பா" என்று டீக்கடையில் பேச்சு. நானும் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? ஒவ்வொரு போட்டியாக ஜெயித்து, இருபத்திரண்டு வயதில் வளைகுடா நகரம் ஒன்றில் நடந்த சர்வதேசப் போட்டிக்கும் போய்விட்டேன்.

அங்கே எனக்குப் பக்கத்து லேனில் நின்றாள் எகிப்துக்காரி. கைப்பேசியில் அவள் ஓட்டங்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! நேரில் பார்த்தால் என் உயரம்கூட இல்லை. அன்று எதிர்காற்று. துப்பாக்கி வெடித்ததும் முதல் முப்பது மீட்டர் நான்தான் முன்னால். அதற்கப்புறம் யாரோ நெஞ்சுக்கு நேராகக் கதவைச் சாத்தியது போல இருந்தது. எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தேன். அவள் மூன்றாவது.

வெளியே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அரைகுறை ஆங்கிலம், எனக்கும் அரைகுறை. அதனால் நன்றாகப் புரிந்தது.

"நீ புறப்படும் வேகம் அபாரம். எங்கே பழகுகிறாய்?" என்று கேட்டாள்.

புளியமரம், துண்டு, முதுகில் தள்ளும் மலைக்காற்று, மொபெட் எல்லாம் சொன்னேன். மொபெட்டைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிற வேலை வேண்டாம்" என்றேன். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கதையைச் சொன்னாள்.

உலகத்தின் பெரிய போட்டிக்குப் போக ஒரு தகுதி நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் அவள் இரண்டு முறை ஓடியிருக்கிறாள். இரண்டு முறையும் முதுகுப் பக்கக் காற்று வரம்புக்கு மேல் அடித்ததால் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். ஒரு முறை தேசியக் கொடியைப் போர்த்திக்கொண்டு பாதி மைதானம் சுற்றிவிட்டாளாம். அப்புறம்தான் பலகையில் காற்றின் அளவு வந்ததாம். கொடியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன் என்றாள். அன்றிலிருந்து தன் ஊர்க் கடற்கரைச் சாலையில் காற்றுக்கு எதிரேதான் பயிற்சி.

"நீ வண்டியில் திரும்பி வருகிற வழி இருக்கிறதே, அதை ஓடு" என்றாள்.

ஊர் திரும்பியதும் அண்ணனிடம் மரத்தை மாற்றச் சொன்னேன்.

"எதுக்காத்துலயா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? அந்தம்மா ஏதோ சொன்னாகன்னு..."

"அண்ணே, நீ அங்கன போயி நில்லு. துண்ட மட்டும் இறக்கு."

ஆடி மாதத்தில் மேற்கே பார்த்து ஓடினால் கண்ணில் மண், வாயில் மண். வாட்சில் விழுந்த நேரத்தை வெளியே சொல்லவே கூசியது. டீக்கடையில் ஒரு மாமா கேட்டார்: "என்னத்தா, வெளிநாட்டுல கால்ல கல்லக் கட்டி அனுப்பிட்டாகளா?"

"நீங்க வேணா ஒருக்கா ஓடிப் பாருங்க மாமா. வேட்டிய மட்டும் இறுக்கிக் கட்டிக்கங்க" என்றேன். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு வருடம் கழித்து அதே நகரம், அதே மைதானம், பக்கத்து லேனில் அதே எகிப்துக்காரி. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. முழங்காலில் அறுவை சிகிச்சைத் தழும்பு. தகுதி நேரம் எடுக்க அதுதான் அவளுக்குக் கடைசி ஓட்டம். இன்று கிடைக்காவிட்டால் பெரிய போட்டியை வீட்டில் டிவியில் பார்ப்பேன், ஓட்டத்தையும் விட்டுவிடுவேன் என்றாள். கையைப் பிடித்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"நான் முன்னால் போவேன். முடிந்தால் பிடி" என்றேன்.

சொன்னபடியே போனேன். லேசான எதிர்காற்று முகத்தில் அடித்தது. இதெல்லாம் ஒரு காற்றா என்று நினைத்தேன். எண்பது மீட்டர்வரை எனக்கு முன்னால் யாரும் இல்லை. பிறகு வலது காதோரம் அவள் மூச்சு கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் ஓடினேன். கடைசி நாலு எட்டில் என்னைத் தாண்டிவிட்டாள். அவள் முதலாவது, நான் இரண்டாவது.

பலகையில் நேரம் வந்தது. தகுதி நேரத்துக்குள் மயிரிழையில் நுழைந்திருந்தாள். அவள் நாட்டுக்காரர்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவள் வாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பலகையையே பார்த்தாள். காற்றின் அளவு வந்தது. எண்ணுக்கு முன்னால் மைனஸ். எதிர்காற்று. இனி ஒருவனும் அந்த நேரத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். என்னையும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். தோற்றவள் நான், ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்னத்தா ஆச்சு?"

"ரெண்டாவது, அண்ணே."

"டைம்?"

சொன்னேன்.

"நம்ம புளியமரத்துல இதவிட வெரசா ஓடியிருக்கியே ஆத்தா!"

"அது காத்து ஓடுனது, அண்ணே. இது நான் ஓடுனது."